பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை

தமிழில் தட்டச்சு செய்ய உதவும் இலவச மென்பொருள் ஒன்றின் இணையத்தளத்துக்கு வரும் செய்திகளைப் படித்தால் மனம் நிறைந்துவிடும். ‘நல்ல முயற்சி’, ‘தமிழுக்குப் பெரிய தொண்டு’, ‘வாழ்த்துகள், தொடருங்கள்’. அனுப்புகிறவர்கள் மனமார அனுப்புகிறார்கள். சம்பளம் இல்லாமல் இரவில் கண்விழித்து நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு அந்தச் சொற்கள் தெம்பு. ஆனால் அந்த வாழ்த்துகளையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு தளத்தில் ஒரு பொத்தானைக்கூட இடம் மாற்ற முடியாது. எந்தப் பக்கத்தில் ஆள் குழம்பினார், எந்த வரியைப் படித்துவிட்டு மூடினார் என்பது அவற்றில் இருக்காது.

திறமூல மென்பொருள் திட்டங்களின் இணையத்தளங்களுக்காகப் பயனர் கருத்தைத் திரட்டும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். பிழைப்புக்கு நிறுவனங்களுக்கு இணையப் பக்கங்கள் வடிவமைக்கிறேன். மிச்ச நேரம் இதற்கு. இருப்பது மலேசியாவின் செமினியில், அலைவது காஜாங், பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் என்று. இந்த அலைச்சலில் எனக்கு உறுதியாகிப்போன ஒன்று உண்டு. நம்மவர்கள் இலவசமாகக் கிடைத்ததைக் குறை சொல்லக் கூச்சப்படுவார்கள். அதுவும் தமிழுக்காகச் செய்தது என்றால் வாயே திறக்க மாட்டார்கள். தடுமாறினால் சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே இந்த வேலையில் கேட்பது பிறகுதான்; முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

திறமூல மென்பொருளின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். ஆனால் அதற்கு விற்பனையாளர் கிடையாது, கடையில் எடுத்து விளக்கிச் சொல்ல ஆள் கிடையாது, பழுது என்றால் கூப்பிட முகவர் கிடையாது. முதல் பக்கம், பதிவிறக்கப் பக்கம், உதவிப் பக்கம் இந்த மூன்றும்தான் எல்லாம். மென்பொருள் எவ்வளவு அருமையாக இருந்தாலும், பதிவிறக்கப் பக்கத்தில் தோற்றுத் திரும்பியவரைப் பொறுத்தவரை அப்படி ஒரு மென்பொருளே இல்லை.

மலேசியத் தமிழர்களுக்குக் கணினித் தமிழ் புதிதல்ல. முத்து நெடுமாறனின் தமிழ் எழுத்து மென்பொருளான முரசு அஞ்சல் 1985இல் கோலாலம்பூரில் பிறந்தது. உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமத்தின் தமிழ் இணைய மாநாடு 2001இலும் 2013இலும் இங்கே நடந்தது. அரசாங்கமும் 2004இல் பொதுத்துறைக்கான திறமூலப் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்து, அப்போது மாம்பு எனப்பட்ட நிர்வாக நவீனமயப் பிரிவின் கீழ் திறமூல ஆற்றல் மையத்தையும் தொடங்கியது. ஆக, ஆர்வத்துக்கும் அறிவுக்கும் இங்கே குறைவில்லை. அந்த ஆர்வத்துக்கும் சாதாரணப் பயனருக்கும் நடுவில் ஓர் இணையப் பக்கம் தடையாக நிற்கலாம் என்பதைத்தான் யாரும் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த வேலைக்குச் செமினி நல்ல ஊர். ரப்பரும் செம்பனையுமாக இருந்த மண்ணில் இப்போது தாமான்கள் எனப்படும் குடியிருப்புகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ரிஞ்சிங் தோட்டத்தின் பெயர் இன்றும் தமிழ்ப்பள்ளியின் பெயரில் இருக்கிறது. புரோகா சாலையில் 2005 முதல் நாட்டிங்ஹம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் இயங்குகிறது. சில கிலோமீட்டருக்குள் புது மடிக்கணினியோடு கணினியியல் படிக்கும் மாணவரையும் பார்க்கலாம். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் வீட்டையும் பார்க்கலாம். பள்ளியின் பழைய மடிக்கணினியில் கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியரையும் பார்க்கலாம். மூவரும் வெவ்வேறு இடத்தில் தடுக்கி விழுவார்கள். அதைக் கண்ணால் கண்டால்தான் தளம் யாருக்காக எழுதப்பட்டிருக்கிறது என்பது புரியும்.

முறையைச் சொல்லிவிடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒருவருடைய சொந்தக் கணினியில், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். வேலையைச் சொல்லும்போது பக்கத்தில் இருக்கும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது. ‘பதிவிறக்கம் செய்யுங்கள்’ என்றால் அவர் அந்தச் சொல்லைத் தேடி அழுத்திவிடுவார். நமக்கு ஒன்றும் தெரியாது. ‘இந்தக் கணினியில் உங்கள் பெயரைத் தமிழில் எழுத வேண்டும், அதற்கு இந்தத் தளம் உதவுகிறதா பாருங்கள்’ என்றால்தான் அவருடைய வழி நமக்குத் தெரியும். மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். பிறகு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ‘இதை அழுத்தவா?’ என்று கேட்டால், ‘நான் இங்கே இல்லேன்னா என்ன செய்வீங்க?’ என்று மட்டும் திருப்பிக் கேட்கலாம். குறிப்பேட்டின் ஒரு பக்கம் அவர் செய்தது, மறுபக்கம் அவர் சொன்னது. நம்முடைய கருத்துக்கு அதில் இடமே கிடையாது.

செமினி வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மூத்த ஆசிரியை ஒருவரோடு உட்கார்ந்த பிற்பகலை விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வேலை என்ன என்பது அதில் முழுதாக இருக்கிறது. பள்ளி முடிந்து ஆசிரியர் அறை காலியாகியிருந்தது. “டீச்சர், தெரியலேன்னா பரவால்ல. சோதனை உங்களுக்கு இல்ல, எங்க பக்கத்துக்கு” என்று தொடங்கினேன். தட்டச்சு மென்பொருளின் முதல் பக்கம் திறந்தது. மேலே புதிய பதிப்பின் அறிவிப்பு, அதன் கீழே உரிமத்தின் பெயர், அதன் கீழே பங்களித்தவர்கள் பட்டியல். அத்தனையையும் ஒரு வரி விடாமல் மரியாதையோடு படித்தார். எங்கே தொடங்குவது என்பது மட்டும் அந்த வரிகளில் இல்லை.

பட்டியில் ‘பதிவிறக்கம்’ கண்ணில் பட்டது. அழுத்தினார். பக்கம் நிரலாளர்கள் நிரலை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்துக்குப் போய்விட்டது. இதுவரை தமிழாக இருந்தது முழுக்க ஆங்கிலம் ஆயிற்று. கீழே கோப்புகளின் வரிசை: இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ, டெப், டிஎம்ஜி என்று முடியும் நீண்ட பெயர்கள். அவற்றின் அடியில் ‘சோர்ஸ் கோட்’ என்று இரண்டு. டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சோர்ஸ் கோட் ஜிப்பை அழுத்தினார். ஏன் அது என்பதை அவரே சொன்னார்: “மத்ததெல்லாம் வாய்ல நுழையல தம்பி. இது ஒண்ணுதான் ஜிப். ஆபீஸ்ல இருந்து எங்களுக்கு எப்பவும் ஜிப்லதான் வரும்.” அவருடைய கணக்கில் தப்பே இல்லை. அவர் அறிந்த உலகில் பயனுள்ள கோப்புகள் ஜிப்பில்தான் வந்தன. திறந்தார். உள்ளே கோப்புறைகள், அவற்றுக்குள் கோப்புறைகள். மவுசை விட்டுக் கையை எடுத்துக்கொண்டார். “நான்தான் எதையோ தப்பா அழுத்திட்டேன் போல. எனக்கு இதெல்லாம் வராதுப்பா.”

நான் கவனித்தவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தில் அதே வரியைத்தான் சொன்னார்கள். பக்கம் தோற்கிறது; பழியை மனிதர் தன்மேல் போட்டுக்கொள்கிறார். இப்படி எழுந்து போகிறவர் நமக்குக் கடிதம் எழுதுவாரா? எழுதுகிறவர்கள் எல்லாம் எப்படியோ அந்தப் பக்கத்தைத் தாண்டி வந்தவர்கள். அவர்கள் புது வசதி கேட்பார்கள், குறுக்குவிசை கேட்பார்கள், கறுப்புப் பின்னணி கேட்பார்கள். அவர்கள் சொல்வதை மட்டும் வைத்துத் தளத்தைத் திருத்தினால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு வசதி கூடும். வாசலில் நின்று திரும்பியவர் திரும்பியவராகவே இருப்பார்.

டீச்சருக்கு நடந்ததன் காரணம் எளிமையானது. கிட்ஹப்பில் ஒரு பதிப்பை வெளியிட்டால் மூலநிரல் அடங்கிய இரண்டு தொகுப்புகள் பட்டியலின் அடியில் தானாகவே சேர்ந்துகொள்ளும். நிரலாளருக்கு அது பயன். மற்றவருக்கு அது பொறி. மாற்று வழி, பதிவிறக்கத்துக்குத் தளத்திலேயே ஒரு பக்கம் வைப்பது. வருகிறவரின் இயங்குதளத்தை உலாவியே சொல்லிவிடும். அதற்குரிய ஒரே ஒரு பொத்தானைப் பெரிதாகக் காட்டிவிட்டு, மற்றவற்றை ‘வேறு கணினிகளுக்கு’ என்று கீழே தள்ளலாம். 32 பிட்டா 64 பிட்டா என்று பயனரைக் கேட்கவே வேண்டாம். மூலநிரல் வேண்டுபவருக்கு அதை எடுக்கத் தெரியும்.

சரியான கோப்பைக் காட்டிக் கொடுத்த பிறகு டீச்சர் இன்னொரு சுவரில் முட்டினார். விண்டோஸ் நீல நிறத்தில் ஓர் எச்சரிக்கையைக் காட்டியது; உங்கள் கணினியைக் காப்பாற்றிவிட்டோம் என்பது அதன் பொருள். கண்ணுக்குத் தெரிந்த பொத்தான் ஒன்றே ஒன்று, இயக்காதே என்பது. ‘மோர் இன்ஃபோ’ என்ற சிறு எழுத்தை அழுத்தினால்தான் ‘ரன் எனிவே’ என்ற இரண்டாவது பொத்தான் வரும். வெளியீட்டாளரின் மின்கையொப்பம் இல்லாத, அதிகம் பேர் இறக்காத கோப்புகளுக்கு இது வழக்கம். கையொப்பச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். தன்னார்வத் திட்டங்கள் பலவற்றால் அது முடிவதில்லை. ‘வைரஸா தம்பி?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. உதவிப் பக்கத்தில் இதற்கு விளக்கம் இருந்தது, ஆனால் பயம் வரும் இடத்தில் இல்லை. அதனால் பதிவிறக்கம் தொடங்கியவுடன் வரும் பக்கத்திலேயே அந்த நீலத் திரையின் படத்தைப் போட்டு, அது ஏன் வருகிறது, கோப்பு எங்கள் தளத்திலிருந்துதான் வந்ததா என்று எப்படி உறுதி செய்வது, அடுத்து எதை அழுத்துவது என்று எழுதினோம். திரையில் இருக்கும் சொற்கள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே கொடுத்தோம், மலாய் விண்டோஸ் வைத்திருப்போருக்கு மலாயில். தூய தமிழில் மொழிபெயர்த்த சொல்லைத் திரையில் தேடிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கக் கூடாது.

எல்லாம் முடிந்து அவர் பெயர் திரையில் தமிழில் வந்தபோது டீச்சர் முகம் மலர்ந்தது. உடனே கேட்டார்: “இந்த ஃபைலை எங்க டீச்சர்ஸ் புலனக் குழுவுல போட்டுடவா?” புலனம் என்று இங்கே நாங்கள் சொல்வது வாட்ஸ்அப்பை. அந்தக் கேள்வி எனக்குப் பெரிய திறப்பு. ஆசிரியர்கள் பலருக்கு மென்பொருள் தளத்திலிருந்து வருவதே இல்லை. ஒருவர் இறக்கியது குழுவிலும் பென்டிரைவிலும் சுற்றுகிறது. பழைய பதிப்பு ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். தளத்தில் என்ன கருத்துப் படிவம் வைத்தாலும் அவர்கள் கண்ணில் படாது. அதற்கு ஏற்ற மாதிரி தளம் மாற வேண்டியிருந்தது. கோப்பை அனுப்புவதைவிட இணைப்பை அனுப்புவது சுலபமாக இருக்க வேண்டும். சுருக்கமான முகவரி, பகிர்வதற்கு ஒரு பொத்தான், புலனத்தில் இணைப்பைப் போட்டதும் கீழே வரும் முன்னோட்டப் பெட்டியில் தெளிவான தமிழ்த் தலைப்பு. கைப்பேசியில் திறப்பவருக்கு ‘இது கணினிக்கானது, இணைப்பை உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்’ என்று முதலிலேயே சொல்லிவிடுவது. இவை எல்லாம் சின்ன மாற்றங்கள். நாங்களாக உட்கார்ந்து யோசித்திருந்தால் ஒன்றுகூட வந்திருக்காது.

கிள்ளானில் கிடைத்தது வேறு வகை. தெங்கு கிளானா சாலையைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவில் அழைப்பிதழும் பதாகையும் அச்சடிக்கும் கடைகள் உண்டு. ஒரு கடையில் அண்ணன் ஒருவர் பக்கத்தைத் திறந்தார், ஒரு சுற்று மேலும் கீழும் போனார், மூடினார். எங்கும் தடுமாறவில்லை. ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன். “என்கிட்ட இருக்கற டிசைன் சாஃப்ட்வேர் பழசு. அதுல யூனிகோட் ஒழுங்கா வருமான்னு ஒரு வரி போட்டிருந்தா போதும்லா. அது இல்ல. கல்யாண கார்டுல கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் போச்சுன்னா யாரு பணம் கட்டுறது?” என்றார். பழைய வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றில் தமிழ் உயிர்மெய்க் குறிகள் இடம் பிசகி நிற்பது உண்மை. அவருக்கு அது தொழில் ஆபத்து. தளத்தில் எங்கள் மென்பொருளின் சிறப்புகள் பத்தி பத்தியாக இருந்தன. அவருடைய ஒரே கேள்விக்கு விடை இல்லை. அதன் பிறகு ‘எதில் சரியாக வரும், எதில் வராது’ என்று ஒரு பட்டியலைத் தளத்தில் சேர்த்தோம். வராது என்பதை வெளிப்படையாக எழுதுவதற்குத் திட்டத்துக்குள் தயக்கம் இருந்தது. ஆனால் அதை எழுதிய பிறகுதான் அச்சுக்கடைக்காரர்கள் தளத்தில் இருக்கும் மற்ற வரிகளையும் நம்பத் தொடங்கினார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமை பெறாது. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்கோலுடன் நடப்போரை அந்த வட்டாரத்தில் எந்நேரமும் காணலாம். அங்கே குடியிருக்கும் பார்வையற்ற இளைஞர் ஒருவர் எங்கள் தளத்தைத் தம் மடிக்கணினியில் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானைக் கொண்டு திறந்தார். அதுவும் திறமூல மென்பொருளே. பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க இலவசமாகப் பயன்படுகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் இளைஞர் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கேட்கவில்லை. ஹெச் விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவினார். எங்கள் பக்கத்தில் தலைப்புகள் வெறும் தடித்த எழுத்தாக இருந்தன, தலைப்பு என்று குறிக்கப்படவில்லை, தாவ இடமில்லை. பிறகு இன்செர்ட் விசையோடு எஃப்7ஐ அழுத்தி இணைப்புகளின் பட்டியலை வரவழைத்தார். கேட்டுக்கொண்டிருந்தோம்: ‘இங்கே’, ‘இங்கே’, ‘இங்கே’, ‘மேலும்’, ‘இங்கே’. கண்ணால் பார்ப்பவருக்கு ‘விசைப்பலகைக் கையேட்டுக்கு இங்கே சொடுக்கவும்’ என்பது தெளிவு. பட்டியலில் கேட்பவருக்கு ‘இங்கே’ என்பது மட்டுமே வந்து சேர்கிறது. இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காமல் விட்டிருந்ததால், ஆங்கிலக் குரலே தமிழ் வரிகளை வாசிக்க முயன்று திணறியது. ஒரு சொல்லைச் சேர்த்தால் தீரும் குறை அது. அவர் எரிச்சல்படவில்லை. “எல்லா தமிழ் வெப்சைட்டும் இப்படித்தான் அண்ணே” என்றார். அந்தப் பழகிப்போன குரல் என்னை இன்றும் வேலை வாங்குகிறது.

அங்கேயே முதியவர்கள் சிலரோடு உட்கார்ந்தபோது எழுத்தை இருமடங்கு பெரிதாக்கிப் படிப்பதைக் கவனித்தோம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கில அளவுக்குச் செய்த பொத்தானுக்குள் அடங்காமல் வெளியே வழிந்தன. வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைத்ததுபோல் நெருக்கமாக இருந்ததால் மேலே இகரச் சுழியும் கீழே உகரக் குறியும் வெட்டுப்பட்டன. இடைவெளியைக் கூட்டி, பொத்தானை எழுத்துக்கு ஏற்ப வளர விட்டோம். பார்வை குறைந்தவருக்காகச் செய்த அந்த மாற்றத்தால் எல்லோருக்கும் வாசிப்பு இலகுவாயிற்று.

இனி, கேட்கும் விதம். வந்தவரிடம் மூன்று கேள்விகள் போதும் என்பது என் அனுபவம்: இன்று எதற்காக வந்தீர்கள்? வந்த வேலை முடிந்ததா? முடியவில்லை என்றால் எது தடுத்தது? ‘தளம் பிடித்திருக்கிறதா’ என்ற கேள்வியை எடுத்துவிட்டோம், அதற்கு வாழ்த்துதான் வரும். ஜான் புரூக் 1986இல் வகுத்த பத்து வாசகங்களைக் கொண்ட பயன்பாட்டு அளவுகோல் ஒன்று உலகெங்கும் உண்டு. நூற்றுக்குச் சராசரி 68 என்று கொள்வார்கள். நானும் அதைப் பயன்படுத்துகிறேன், ஒரு தளத்தின் முந்தைய வடிவத்தையும் பிந்தைய வடிவத்தையும் ஒப்பிட மட்டும். கோப்பை இறக்க முடியாமல் நின்றவர்கூட அன்பின் காரணமாக உயர்ந்த மதிப்பெண் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

விடை எழுதும் இடத்திலும் ஒரு தடை இருந்தது. தமிழ்த் தட்டச்சு இன்னும் கைவராதவரிடம் தமிழில் தட்டச்சு செய்து குறையைச் சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தோம். அல்லது கிட்ஹப்பில் கணக்குத் திறந்து ஆங்கிலத்தில் எழுதச் சொன்னோம். இரண்டையும் தாண்டி வருகிறவர் எத்தனை பேர்? ஆங்கில எழுத்தில் தமிழ், மலாய், கலவை எதுவானாலும் சரி என்று அறிவித்தோம். குரல்பதிவும் அனுப்பலாம் என்றோம். குரல்பதிவு வந்த பிறகு நிலைமையே மாறிற்று. எழுத்தில் ‘வேலை செய்யவில்லை’ என்று ஒரு வரியோடு நிறுத்துகிறவர், பேச்சில் எதை அழுத்தினார், என்ன வந்தது, பக்கத்து மேசை டீச்சருக்கு மட்டும் எப்படி வந்தது என்று முழுக்கதையையும் சொல்லிவிடுகிறார். தன்னார்வலர் ஒருவர் கேட்டு, பெயரை நீக்கி, திட்டத்தின் பிழைப் பட்டியலில் எழுதிவிடுவார். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கே உரியது என்றாலும் அதன் நெறிகளை நாங்களும் கடைப்பிடித்தோம்: அனுமதி கேட்டுப் பதிவு செய்வது, வேலை முடிந்ததும் அழிப்பது.

எத்தனை பேரைப் பார்த்தால் போதும் என்று இளைஞர்கள் கேட்பார்கள். ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993இல் கணக்கிட்டுச் சொன்னது: ஒருவரைக் கவனித்தால் சராசரியாக 31 விழுக்காட்டுக் குறைகள் தெரியும், ஐந்து பேரைக் கவனித்தால் ஏறக்குறைய 85 விழுக்காடு தெரிந்துவிடும். ஆனால் அந்த ஐவரும் ஒரே வகைப் பயனர்களாக இருக்க வேண்டும். ஆசிரியர், அச்சுக்கடைக்காரர், பார்வையற்ற இளைஞர், முதியவர் என்றால் ஒவ்வொரு பிரிவிலும் மூன்று நான்கு பேரையாவது பார்க்க வேண்டும். எண்ணிக்கைக் கருவிகளும் வேண்டியவைதான். 2007இல் பிவிக் என்ற பெயரில் வந்து இப்போது மட்டோமோ என்று அழைக்கப்படும் திறமூலக் கருவி, வருகையாளரின் விவரங்களை வெளியாருக்குக் கொடுக்காமல் எந்தப் பக்கத்தில் வெளியேறுகிறார்கள் என்று காட்டும். எங்கே என்பதை அது சொல்லும். ஏன் என்பதை அறிய நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரத்தான் வேண்டும்.

2020 மார்ச் 18 அன்று கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது அந்த நாற்காலியும் போயிற்று. அதே நேரம் வீட்டிலிருந்து பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குத் தமிழ்த் தட்டச்சு முன் எப்போதையும்விட அவசியமாயிற்று. காணொளி அழைப்பில் திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தோம். ஒரு வகையில் அது நல்லதாகவே முடிந்தது. நேரில் வர முடியாத நிரலாளர்கள் சென்னையிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் ஒலியை அணைத்துக்கொண்டு கூடவே பார்த்தார்கள்.

நிரலாளர்கள் கூடவே பார்த்தது ஏன் நல்லது என்றால், இந்த வேலையின் கடினமான பகுதி திரட்டுவதில் இல்லை, கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இருக்கிறது. குறையைச் சொன்னால் நிரலாளரிடமிருந்து வரும் முதல் பதில், ‘ஆவணத்தில் எழுதியிருக்கிறோமே, படிக்கவில்லையா?’ அவர்மேல் குற்றமில்லை. அவர் தன் ஓய்வு நேரத்தைக் கொடுத்து எழுதியது அது. அந்த இடத்தில் வாதம் செய்து பயனில்லை. திரையில் நடந்ததன் ஒரு நிமிடக் காணொளியைப் போட்டுக் காட்டினால் போதும். அக்கறையோடு ஒருவர் ஒவ்வொரு வரியாகப் படித்து, தப்பான கோப்பை அழுத்தி, ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று சொல்வதைப் பார்த்த பிறகு யாரும் ஆவணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பிழைப் பட்டியலில் எழுதும்போதும் ‘பதிவிறக்கப் பக்கம் மோசம்’ என்று தீர்ப்பாக எழுதாமல், ‘ஆசிரியர் மூலநிரல் தொகுப்பை மென்பொருள் என்று எண்ணி இறக்கினார்’ என்று நடந்ததை எழுதினால் அதைத் திருத்த ஆள் கிடைப்பார்.

பெரிய திட்டங்களும் இந்த வழியில்தான் வந்தன. லினக்ஸ் கணினிகளின் குனோம் திரையிடைமுகத்தைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2001இல் வெளியாள்களைக் கொண்டு சோதித்தது. அதன் பிறகு குனோம் தனக்கென்று இடைமுக நெறிகளை வகுத்துக்கொண்டது. விக்கிப்பீடியாவில் 2009இல், ஸ்டான்டன் அறக்கட்டளையின் 8,90,000 டாலர் நல்கையில், புதியவர்கள் ஒரு கட்டுரையைத் திருத்த முயல்வதை உட்கார்ந்து பார்த்தார்கள். குறியீட்டுக் குவியலில் அவர்கள் திணறியதைக் கண்டு அடுத்த ஆண்டு புதிய தோற்றம் வந்தது. இணையத்தளங்களைக் கட்ட உதவும் திறமூல மென்பொருளான ட்ரூப்பல் தன் தளத்தை 2008 முதல் மறுவடிவமைத்தபோது வடிவமைப்பாளர் மார்க் போல்டன் மாதிரிப் பக்கங்களை அரைகுறையாக இருக்கும்போதே பொதுவில் வைத்து, கருத்து வாங்கி, மாற்றி, மறுபடி வைத்தார். புதிய தளம் 2010இல் வெளிவந்தது. அவர்களிடம் பணமும் ஆள்பலமும் இருந்தன. நம்மிடம் இருப்பது பக்கத்துப் பள்ளியும் பக்கத்துக் கடையும். தொடங்குவதற்கு அவை போதும்.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது, பலரும் விட்டுவிடுவது அதைத்தான். கருத்துச் சொன்னவரிடம் திரும்பிப் போக வேண்டும். மாற்றம் தளத்தில் ஏறியவுடன் டீச்சருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: நீங்கள் நின்ற இடத்தில் இப்போது ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கிறது, பாருங்கள் என்று. அவர் பார்த்தார். பிறகு தானாகவே வேறு பள்ளி ஆசிரியர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கவனித்துக் குரல்பதிவாக அனுப்பத் தொடங்கினார். நிரல் ஒரு வரிகூட எழுதாத அவர் இன்று அந்தத் திட்டத்தின் முக்கியமான பங்களிப்பாளர். பங்களித்தவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. கிள்ளான் அண்ணன் தம் கடைக் கணினியில் எதில் எழுத்து பிசகுகிறது என்று சோதித்து எங்கள் பட்டியலைப் புதுப்பித்துத் தருகிறார். பிரிக்ஃபீல்ட்ஸ் இளைஞர் ஒவ்வொரு மாற்றத்தையும் வெளியாவதற்கு முன்பே கேட்டுப் பார்த்துவிடுகிறார்.

திறமூலம் என்றால் நிரல் திறந்திருப்பது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். ‘இது எனக்குப் புரியவில்லை’ என்று ஒருவர் கூச்சமில்லாமல் சொல்ல இடம் இருப்பதும் அதில் அடங்கும் என்று நான் நம்புகிறேன். ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் தமிழ் மென்பொருள் எதையாவது எடுக்கப் போய்ப் பாதியில் விட்டிருந்தால், அதைச் செய்தவர்களுக்கு வாழ்த்தோடு சேர்த்து இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: எந்தப் பக்கத்தில், எதைப் பார்த்துவிட்டு நிறுத்தினீர்கள் என்று. அந்த ஒரு வரியைக் கொண்டு நாங்கள் வேலையைத் தொடங்கிவிடுவோம்.